எல்லாப் பாடத்தையும் ஒரே மாதிரி படிக்கலாமா? வாசகர் கேள்விகளும் ஆசிரியர் பதில்களும்

பிள்ளைகளின் வாசிப்பு, எழுத்து பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். தமிழ், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை. கடிதம் எழுதியவர்களின் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

என் மகன் பத்தாம் வகுப்பு. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் படிக்கிறான். கேள்வி பதிலையெல்லாம் நோட்டில் எழுதியும் பார்க்கிறான். அன்றைக்குக் கேட்டால் கடகடவென்று சொல்கிறான். பரீட்சை ஹாலில் உட்கார்ந்தால் மறந்துபோகிறது என்று அழுகிறான். ஞாபக சக்திக்கு டானிக் ஏதாவது கொடுக்கலாமா?
– ஒரு தாய், தேனி

டானிக் வேண்டாம் அம்மா. அன்றைக்குக் கேட்டால் கடகடவென்று சொல்கிற பிள்ளைக்கு ஞாபகத்தில் என்ன குறை இருக்கப்போகிறது? படிக்கிற முறையை மாற்றினால் போதும்.

எழுதிப் பார்க்கிறான் என்கிறீர்கள். எப்படி எழுதுகிறான் என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் கைடு திறந்தே இருக்கும். ஒரு வரியைப் பார்ப்பான், எழுதுவான், அடுத்த வரியைப் பார்ப்பான். கண்ணிலிருந்து கைக்குப் போகும் அந்த வரி மனதில் தங்குவதே இல்லை. பக்கம் பக்கமாக நோட்டு நிறைவதால் படித்துவிட்டோம் என்ற நிறைவு மட்டும் வந்துவிடுகிறது. பரீட்சையில் அவன் செய்யவேண்டியது வேறு வேலை. எதையும் பார்க்காமல், உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வேண்டும். வீட்டில் ஒரு நாளும் பழகாத வேலையை ஹாலில் முதல்முறையாகச் செய்கிறான், அதனால் திணறுகிறான்.

இப்படி மாற்றிப் பாருங்கள். ஒரு தடவைக்கு இரண்டே பக்கம். முதலில் அந்தப் பக்கங்களின் தலைப்புகளை மட்டும் பார்த்து, ஒவ்வொன்றையும் கேள்வியாக மாற்றி ரஃப் நோட்டில் எழுதட்டும். ‘வேலூர்ப் புரட்சிக்கான காரணங்கள்’ என்ற தலைப்பு ‘வேலூரில் சிப்பாய்கள் ஏன் கிளர்ந்தார்கள்?’ என்று மாறும். இதற்கு இரண்டு நிமிடம் போதும். அப்புறம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டே பத்து நிமிடம் வாசிக்கட்டும். வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதைத் தன் சொந்த வாக்கியத்தில் எழுதட்டும். ஐந்து முதல் ஏழு நிமிடம். எழுத்துப் பிழை, கையெழுத்து எதையும் அப்போது பார்க்க வேண்டாம். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதையும் தப்பாக எழுதியதையும் சிவப்புப் பேனாவால் சேர்க்கட்டும்.

அந்தச் சிவப்பு எழுத்துதான் அவன் இனிப் படிக்கவேண்டிய பகுதி. நீல எழுத்தில் இருப்பது அவனுக்குத் தெரியும். அதைத் திரும்பத் திரும்பப் படித்து நேரத்தை ஏன் செலவழிக்க வேண்டும்? மறுநாள் புதுப்பாடம் தொடங்கும் முன், சிவப்பில் இருந்ததை மட்டும் பார்க்காமல் எழுதிப் பார்க்கட்டும். மூன்று நிமிடம் ஆகும். நான்காம் நாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை.

முதல் வாரம் உங்களுக்கும் அவனுக்கும் சோர்வாக இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். இரண்டு பக்கம் படித்துவிட்டு நாலு வரிதான் எழுத வரும். ‘இதற்கு முன்னாடியே நன்றாகப் படித்தேனே’ என்பான். அந்த நேரத்தில் விட்டுவிட்டால் பழைய கதைதான். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதை அப்படியே காட்டுகிறது. ஒரு பகுதியை ஒரு குழு இரண்டு தடவை வாசித்தது. இன்னொரு குழு ஒரு தடவை வாசித்துவிட்டு, பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு தடவை வாசித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ்: வாசித்தவர்களுக்கு 42 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். அன்றைக்குச் சொல்கிறான், பரீட்சையில் மறக்கிறான் என்று நீங்கள் எழுதியிருப்பதும் இதையேதான்.

இம்முறை கெட்டுப்போவது மூன்று இடங்களில். ஒரே மூச்சில் பத்துப் பக்கம் வாசித்துவிட்டு மூடுவது. நடுவில் ‘சும்மா ஒரு பார்வை’ பார்த்துக்கொள்வது. சிவப்புப் பேனா வேலையைச் சோம்பலில் விட்டுவிடுவது. மூன்றாவதுதான் அதிகம் நடக்கிறது. தப்பாக எழுதியதைத் திருத்தாமல் விட்டால் அந்தத் தப்பே மனதில் உறைந்துவிடும்.

பத்தாம் வகுப்பு படிக்கிறேன். அறிவியலில் இதயம் பாடத்தைப் பலமுறை படித்தும் குழப்பம் தீரவில்லை. படத்தை வரைந்தால் இடது வலது மாறிவிடுகிறது. எப்படிப் படிப்பது?
– மாணவி, அரியலூர்

அறிவியல் பாடத்தில் பாதி விஷயம் வரிகளில் இருக்கும், மீதிப் பாதி படத்தில் இருக்கும். வரிகளை முழுக்கப் படித்துவிட்டுக் கடைசியில் படத்தைப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை மாற்றிக்கொள். ஒரு வாக்கியம் படித்ததும் நிறுத்து. அதில் வந்த உறுப்பு படத்தில் எங்கே இருக்கிறது என்று விரலை வை. அடுத்த வாக்கியம், அடுத்த இடம். வேகம் குறையும். கதைப்புத்தகத்தைப் போல மூன்று மடங்கு நேரம் எடுத்தால்கூடத் தவறில்லை.

இடது வலது மாறுவதற்குக் காரணம் இருக்கிறது. புத்தகத்தில் இருக்கும் இதயம், உன் எதிரே நிற்கும் ஒருவருடைய இதயம். அவருடைய இடது பக்கம் உனக்கு வலப்பக்கமாகத் தெரியும். அதனால்தான் படத்தின் வலப்புறத்தில் ‘இடது வெண்ட்ரிக்கிள்’ (இடது கீழறை) என்று எழுதியிருக்கிறது. வரையத் தொடங்கும் முன் தாளின் வலது மூலையில் ‘இடது’ என்றும் இடது மூலையில் ‘வலது’ என்றும் பென்சிலால் எழுதிக்கொள். முடித்ததும் அழித்துவிடலாம்.

அடுத்து, படத்தை வாக்கியமாக மாற்று. ஒரு துளி ரத்தம் போகும் பாதையை ஒரே பத்தியாக எழுது: உடலிலிருந்து வரும் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை வழியாக வலது ஆரிக்கிளுக்கு (மேலறைக்கு) வருகிறது, மூவிதழ் வால்வைத் தாண்டி வலது வெண்ட்ரிக்கிளில் இறங்குகிறது, நுரையீரல் தமனி வழியாக நுரையீரலுக்குப் போய் ஆக்சிஜனை ஏற்கிறது, நுரையீரல் சிரை வழியாக இடது ஆரிக்கிளுக்குத் திரும்புகிறது, ஈரிதழ் வால்வைத் தாண்டி இடது வெண்ட்ரிக்கிளில் இறங்கி, பெருந்தமனி வழியாக உடலெங்கும் பாய்கிறது. இதைப் பார்க்காமல் எழுதிவிட்டு, எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு படத்தை வரை. வாக்கியத்திலிருந்து படம், படத்திலிருந்து வாக்கியம் என்று இரண்டு திசையிலும் போகத் தெரிந்தால் பாடம் உன்னுடையது.

எழுதும்போது ஓர் இடத்தில் இடறுவாய். தமனியில் சுத்த ரத்தம், சிரையில் அசுத்த ரத்தம் என்று சின்ன வகுப்பிலேயே மனப்பாடம் செய்திருப்பாய். நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம்; நுரையீரல் சிரையில் ஓடுவது ஆக்சிஜன் நிறைந்த ரத்தம். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை. உள்ளே ஓடும் ரத்தம் எப்படிப்பட்டது என்பதை வைத்துப் பிரிக்கக்கூடாது. வெறுமனே வாசித்துக்கொண்டு போனால் இந்த முரண் கண்ணில் படாது. வரிசையாக எழுதினால் பளிச்சென்று தெரியும்.

மகளுக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல், சமன்பாடு எல்லாம் நன்றாக வருகிறது. வாக்கியக் கணக்கு என்றால் மட்டும் தப்பு. கவனக்குறைவு என்று திட்டித் திட்டி அலுத்துவிட்டது.
– ஒரு தந்தை, பொள்ளாச்சி

திட்டுவதை நிறுத்துங்கள் ஐயா. அவளுடைய சிக்கல் வாசிப்பில் இருக்கிறது. கீழ்வகுப்புகளில் ‘மொத்தம்’ என்று வந்தால் கூட்டு, ‘மீதி’ என்று வந்தால் கழி என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். குழந்தை கணக்கைப் படிப்பதை விட்டுவிட்டு, அந்தச் சொல்லை மட்டும் தேடுகிறது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ‘ராணியிடம் 24 மாம்பழங்கள் உள்ளன. இது குமாரிடம் உள்ளதைவிட 6 அதிகம். குமாரிடம் எத்தனை?’ ‘அதிகம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் 30 என்று எழுதினால், இந்தப் பழக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். விடை 18. உயர்வகுப்பில் இதே தவறு வேறு உருவத்தில் வரும். ‘ஒரு பள்ளியில் மாணவர் எண்ணிக்கை ஆசிரியர் எண்ணிக்கையைப் போல் 6 மடங்கு’ என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னால், கல்லூரி மாணவர்கள்கூட 6மா = ஆ என்று எழுதுவார்கள். சொற்கள் வரும் வரிசையிலேயே குறியீடுகளை வைத்துவிடுவதால் வரும் தவறு. சரியானது மா = 6ஆ. சரிபார்க்க ஒரே வழி எண்ணைப் போட்டுப் பார்ப்பது: ஆசிரியர் 10 பேர் என்றால் மாணவர் 60. எந்தச் சமன்பாட்டில் இது பொருந்துகிறது?

வாக்கியக் கணக்கை மூன்று தடவை வாசிக்கப் பழக்குங்கள். முதல் தடவை பென்சிலைத் தொடாமல். படித்ததும் எண்களே இல்லாமல் நிலைமையைத் தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை, என்ன கேட்கிறார்கள் என்பதை மட்டும் தேடி, விடைவாக்கியத்தை முன்கூட்டியே எழுதி எண்ணுக்கு இடம் விட வேண்டும்: ‘பொருளின் குறித்த விலை ரூ. ______.’ மூன்றாம் தடவைதான் எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அது எதனுடைய எண் என்று எழுத வேண்டும்.

கடைசியில் சொன்ன அந்தப் பழக்கம் எவ்வளவு காப்பாற்றும் என்பதற்கு ஒரு கணக்கு. ‘ஒரு கடைக்காரர் ரூ. 800-க்கு வாங்கிய பொருளை, குறித்த விலையில் 10% தள்ளுபடி கொடுத்து விற்றும் 12.5% லாபம் பெற்றார். குறித்த விலை என்ன?’ பல பிள்ளைகள் 10-ஐயும் 12.5-ஐயும் கூட்டி, 800-க்கு 22.5% கண்டுபிடித்து 980 என்று முடித்துவிடுவார்கள். ‘12.5% – வாங்கிய விலையில்’, ‘10% – குறித்த விலையில்’ என்று பக்கத்தில் எழுதியிருந்தால் இரண்டையும் கூட்டக் கை வராது. 800-ல் 12.5% என்பது 100. ஆகவே விற்ற விலை 900. தள்ளுபடி 10% போக மீதி 90%தான் இந்த 900. ஆகவே குறித்த விலை 1000. விடை வந்ததும் மறுபடி கதைக்குள் போய்ப் பார்க்க வேண்டும்: ஆயிரத்தில் நூறு குறைத்தால் 900, வாங்கியது 800, லாபம் 100. சரி.

ஒரு பிழை நோட்டும் போடச் சொல்லுங்கள். பக்கத்தை நெடுக்காக மடித்து, இடப்பக்கம் தப்பு நடந்த வரியை மட்டும் எழுத வேண்டும். வலப்பக்கம் ‘ஏன் தப்பு’ என்று ஒரு முழு வாக்கியம். ‘கவனக்குறைவு’ என்ற சொல்லுக்கு அந்த நோட்டில் இடம் கிடையாது. ‘சதவீதம் எதன்மேல் என்று பார்க்கவில்லை’ என்பது போல இருக்க வேண்டும். பத்துப் பிழை சேர்ந்ததும் பாருங்கள், ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

மஞ்சள் ஹைலைட்டரால் முக்கியமான வரிகளைக் கோடிடச் சொல்லலாமா?
– திருநெல்வேலி

முதல் வாசிப்பில் வேண்டாம். எது முக்கியம் என்று தெரியாத நிலையில் பக்கம் முழுக்க மஞ்சளாகிவிடும். இரண்டாம் வாசிப்பில், பத்திக்கு ஒரு சொற்றொடர் என்ற கணக்கில், அதுவும் பென்சிலால். கோடிட்டதன் நேரே ஓரத்தில் அந்தப் பத்தியின் வேலையை இரண்டு சொல்லில் எழுதினால்தான் பயன்: ‘காரணம்’, ‘உதாரணம்’, ‘விதிவிலக்கு’ என்பது போல. பள்ளிக்குத் திருப்பித் தரவேண்டிய புத்தகம் என்றால் சின்னக் காகிதத் துண்டுகளில் எழுதிச் செருகிவைக்கலாம்.

வரலாறு என்றாலே ஆண்டும் பெயரும்தான் என்று என் தம்பி வெறுக்கிறான். மனப்பாடம் இல்லாமல் வரலாற்றைப் படிக்க வழி இருக்கிறதா?
– கல்லூரி மாணவர், வேலூர்

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். 1806 ஜூலை 10 அதிகாலை வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பாடத்தில் இதற்குக் காரணங்கள் வரிசையாக இருக்கும். தம்பி அதை ஒன்று, இரண்டு, மூன்று என்று பாராமல் ஒப்பிப்பான். ஒன்று மறந்தால் பின்னாலிருப்பவை எல்லாம் போய்விடும். ஒன்றோடொன்று தொடுக்காத வரிசைக்கு அதுதான் கதி.

ஒரு தாளை நெடுக்காக மூன்று பத்தியாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: நெடுநாள் காரணம், உடனடிக் காரணம், விளைவு. பாடத்தை வாசித்துக்கொண்டே ஒவ்வொரு செய்தியும் எந்தப் பத்திக்கு உரியது என்று அவனே முடிவு செய்ய வேண்டும். 1799-ல் கட்டபொம்மனையும் 1801-ல் மருது சகோதரர்களையும் ஆங்கிலேயர் தூக்கிலிட்டது, பாளையங்கள் ஒழிந்தது, திப்பு சுல்தானின் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் வைத்திருந்தது – இவை முதல் பத்தி. சமய அடையாளங்கள் கூடாது, காதணி கூடாது என்ற புதிய விதிகள், தளபதி ஜான் கிரடாக் காலத்தில் வந்த தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை – இவை இரண்டாம் பத்தி. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி படையோடு வந்து அன்றைக்கே அடக்கியது, திப்புவின் மக்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பியது, கிரடாக்கையும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கையும் திருப்பி அழைத்தது, அந்த விதிகளைக் கைவிட்டது – மூன்றாம் பத்தி.

தாள் நிரம்பியதும் ஒரு பத்தி எழுதட்டும். ‘இதனால்’, ‘ஆயினும்’, ‘அதற்குள்’, ‘இதன் விளைவாக’ ஆகிய நான்கு சொற்களும் ஒரு தடவையாவது வர வேண்டும் என்பது நிபந்தனை. ‘தோல் குஞ்சம் வைத்த தலைப்பாகை இந்து, முஸ்லிம் வீரர்கள் இருதரப்பாரின் நம்பிக்கையையும் புண்படுத்தியது, இதனால்…’ என்று எழுதத் தொடங்கியவனுக்கு அடுத்த செய்தி தானாக நினைவுக்கு வரும். தலைப்பாகையை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் ‘ஒரு தொப்பிக்காகவா இவ்வளவு?’ என்று நீங்கள் கேளுங்கள். அவன் முதல் பத்திக்குத் திரும்பிப் போயாக வேண்டும். வரலாற்று வாசிப்பு அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. ஆண்டுகளைத் தனியே உருப்போடத் தேவையே இல்லை. நோட்டின் ஓரத்தில் ஒரு காலக்கோடு வரைந்து பாடம் போகப்போகக் குறித்துக்கொண்டால் போதும்.

பார்க்கப் போகும் தூரத்தில் கோட்டை இருக்கிறது. பத்தியை எழுதி முடித்த பிறகு கூட்டிப்போங்கள், முன்னால் வேண்டாம்.

ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாற்றிவிட்டோம். அறிவியல் புத்தகத்தைச் சத்தமாகத் தங்குதடையில்லாமல் வாசிக்கிறாள். என்ன புரிந்தது என்றால் விழிக்கிறாள்.
– ஒரு தாய், தர்மபுரி

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் தமிழ்வழிக்கும் ஆங்கிலவழிக்கும் பாடம் ஒன்றுதான். தமிழ்வழிப் புத்தகத்தை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பாடம் நடக்கும் முந்தின நாள் இரவு அந்தப் பாடத்தைத் தமிழில் ஒரு தடவை வாசிக்கட்டும். கருத்து தமிழில் வந்துவிட்டால், மறுநாள் ஆங்கிலத்தில் அவள் தேடவேண்டியது சொற்களை மட்டும்தான். கருத்தும் புதிது, மொழியும் புதிது என்று இரண்டையும் ஒரே நேரத்தில் சுமக்க வைப்பது பிள்ளைக்குக் கொடுமை.

சொற்களுக்கு அட்டை போடுங்கள். பழைய நோட்டு அட்டையை நாலாக வெட்டினால் போதும். ஒரு பக்கம் சொல். மறுபக்கம் நான்கு கட்டம்: தமிழில் பொருள், தன் வாக்கியம், ஓர் உதாரணம், உதாரணம் போலத் தோன்றி உதாரணம் ஆகாத ஒன்று. நான்காவது கட்டத்தை விட்டுவிடாதீர்கள். புரிந்ததா இல்லையா என்பது அங்கேதான் தெரியும். உருமாறிய பாறைக்குச் சலவைக்கல் உதாரணம். கிரானைட் உதாரணம் ஆகாது, அது தீப்பாறை. ஒரு பாடத்துக்கு ஆறு முதல் எட்டு அட்டை. இருபது முப்பது போட்டால் எதுவும் நிற்காது.

வீட்டில் பேசும் சொல்லே பாடத்தில் வேறு பொருளில் வரும்போது இன்னும் கவனம் வேண்டும். தலையில் மூட்டையோடு அரை மணி நேரம் அசையாமல் நிற்பவர் இயற்பியல் கணக்குப்படி அந்த மூட்டையின்மேல் வேலையே செய்யவில்லை, இடப்பெயர்ச்சி இல்லாததால். ‘நிறை’க்கும் ‘எடை’க்கும் இதே கதை: ஒன்றுக்குக் கிலோகிராம், மற்றதற்கு நியூட்டன். இத்தகைய சொற்களுக்கு மட்டும் அட்டையில் சிவப்பு ஓரம் போட்டுவையுங்கள்.

அறிவியல் கலைச்சொற்களைவிட, வாக்கியங்களை இணைக்கும் பிகாஸ், தேர்ஃபோர், ஆல்தோ, அன்லெஸ் போன்ற சொற்கள்தான் அவளை அதிகம் தடுக்கும். யாரும் அவற்றைச் சொல்லிக்கொடுப்பதில்லை. வாரம் இரண்டை எடுத்து, தமிழில் ‘ஏனெனில்’, ‘ஆகவே’, ‘இருந்தபோதிலும்’, ‘இல்லாவிட்டால்’ என்று பொருத்தி, அன்றைய பாடத்திலிருந்தே தலா மூன்று வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். படித்ததை முதலில் உங்களிடம் தமிழில் சொல்லட்டும், பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும். வரிசை அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஏழாம் வகுப்புப் பையன். தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான். மற்றப் பாடங்களை எப்படிப் படிப்பான்?
– ஒரு பாட்டி, இராமநாதபுரம்

முதலில் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள் அம்மா. அதில் குறையில்லை என்றால் வீட்டிலேயே செய்யக்கூடியது இருக்கிறது. எந்தப் புத்தகமானாலும் நூறு சொல் எண்ணிக்கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து சொல்லுக்குள் தடுக்கினால் தனியாக வாசிக்கலாம். ஆறிலிருந்து பத்து வரை தடுக்கினால் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பத்துக்கு மேல் போனால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு அவனுக்குக் கடினம். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்துக்கு இறங்குங்கள். ‘இவ்வளவு பெரியவன் அஞ்சாங்கிளாஸ் புத்தகமா’ என்று யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் வெட்கம்தான் பெரிய தடை.

தினம் பத்து நிமிடம், ஒரே பத்தி. வாசிக்கத் தெரிந்தவர் ஒருமுறை நிறுத்தி நிதானமாக வாசிக்க, அவன் விரல் வைத்துப் பின்தொடர வேண்டும். அடுத்து வாக்கியம் வாக்கியமாக அவர் சொல்ல இவன் திருப்பி வாசிக்க வேண்டும். பிறகு தனியாக இரண்டு தடவை. அதே பத்தியை மறுநாளும் வாசித்துவிட்டுத்தான் புதுப் பத்தி. தடுக்கிய சொற்களில் பெரும்பாலானவை நீண்ட கூட்டுச்சொற்களாக இருக்கும். ‘இனப்பெருக்கமண்டலம்’ என்று ஒரே மூச்சில் வருவதை இனம், பெருக்கம், மண்டலம் என்று பென்சில் கோடு போட்டுப் பிரித்துக் காட்டினால் பாதிப் பயம் போய்விடும்.

இதற்கிடையில் மற்றப் பாடங்கள் நின்றுபோகக் கூடாது. அறிவியலையும் சமூக அறிவியலையும் வீட்டில் யாராவது வாசித்துக்காட்டட்டும். கேட்டுவிட்டு அவன் வாயால் சொல்லட்டும், படம் வரையட்டும். வாசிப்பு பின்தங்கிய பிள்ளைக்கு அறிவும் பின்தங்க விடுவதுதான் பெரிய இழப்பு. ஆறு மாதம் விடாமல் செய்தும் முன்னேற்றம் இல்லை என்றால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிக்கப் பள்ளியிலுள்ள சிறப்பாசிரியரிடம் கேளுங்கள்.

அறிவியல் ஆசிரியை. வகுப்பில் நாற்பது பேர், பாடம் முடிக்கவே நேரம் போதவில்லை. இதில் எழுத்துப் பயிற்சிக்கு எங்கே போவது?
– ஓர் ஆசிரியை, கடலூர்

கட்டுரை வேண்டாம் டீச்சர். கடைசி நான்கு நிமிடம், ஒரு துண்டுத்தாள், மூன்று வாக்கியம் போதும். ஒரே தொடக்கத்தைக் கொடுத்து ‘ஏனெனில்’, ‘ஆனால்’, ‘ஆகவே’ என்று மூன்று விதமாக முடிக்கச் சொல்லுங்கள். ‘இலைத்துளைகள் பகலில் திறந்திருக்கின்றன, ஏனெனில் ஒளிச்சேர்க்கைக்குக் கார்பன் டைஆக்சைடு உள்ளே வர வேண்டும்.’ ‘…ஆனால் அதே வழியில் நீராவி வெளியேறிவிடுகிறது.’ ‘…ஆகவே நீர்ப் பற்றாக்குறை வந்தால் தாவரம் அவற்றை மூடிக்கொள்கிறது.’ மூன்றையும் சரியாக முடிக்கும் பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது. ‘ஏனெனில்’ மட்டும் வந்து ‘ஆனால்’ வராவிட்டால், மனப்பாடத்தில் நிற்கிறது என்று பொருள்.

தாள்களைத் திருத்தவே திருத்தாதீர்கள். மதிப்பெண்ணும் வேண்டாம். சரி, பாதி, இல்லை என்று மூன்று குவியலாகப் பிரித்தால் பத்து நிமிடத்தில் நாற்பதும் முடிந்துவிடும். மறுநாள் வகுப்பை இரண்டாவது குவியலிலிருந்து ஒரு வாக்கியத்தைப் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதித் தொடங்குங்கள். எல்லோரும் சேர்ந்து சரிசெய்யட்டும். வாரத்துக்கு இரண்டு நாள் செய்தால் போதும்.

செய்முறை ரெக்கார்டையும் கொஞ்சம் பாருங்கள். ‘காண்பன’ கட்டத்தில் ‘கார்பன் டைஆக்சைடு வந்தது’ என்று எழுதியிருப்பார்கள். கண் பார்த்தது, தெளிந்த சுண்ணாம்பு நீர் பால்போல் மாறியதை மட்டும். வாயுவின் பெயர் ‘அறிவன’ கட்டத்துக்கு உரியது. அயோடின் சேர்த்ததும் கருநீலமானது என்பது காண்பன. மாவுச்சத்து உள்ளது என்பது அறிவன. மூத்த மாணவரின் ரெக்கார்டைப் பார்த்தெழுதும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு கடைசிவரை தெரியாமலே போகிறது. ஆகவே ‘காண்பன’ கட்டத்தை மட்டுமாவது ஆய்வகத்தை விட்டு வெளியே வரும் முன்பே, பென்சிலால் எழுதி வாங்கிவிடுங்கள்.

பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிக்கத் தரும் 10 நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்? கூற்று–காரணம் வினாக்களில் எப்போதும் தப்பாகிறது.
– மாணவர், நாகப்பட்டினம்

வினாவின் கடைசிச் சொல்லைப் பார். ‘வரையறு’ என்றால் ஒன்றிரண்டு வரி. ‘வேறுபடுத்துக’ என்றால் இரண்டு பத்திக் கட்டம், ஒவ்வொரு வரியும் ஒரே அம்சத்தைப் பற்றியதாக. ‘காரணம் கூறு’ என்றால் விடையில் ‘ஏனெனில்’ இருந்தே ஆக வேண்டும். ‘விவரி’ என்றால் படிநிலைகளும் படமும். தெரிந்த பாடத்தில் மதிப்பெண் போவது பெரும்பாலும் கேட்டது ஒன்று, எழுதியது ஒன்று என்பதால்தான். தேர்ந்தெடுத்து எழுதும் பகுதிகளில் எந்த வினாக்களை விடுவது என்பதையும் அந்தப் பத்து நிமிடத்திலேயே முடிவு செய்துவிடு.

கூற்று–காரணத்துக்கு மூன்று படி. காரணத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கூற்று சரியா என்று பார். கூற்றை மறைத்துக்கொண்டு காரணம் சரியா என்று பார். இரண்டும் சரி என்றால் மட்டும் நடுவில் ‘ஏனெனில்’ போட்டு ஒரே வாக்கியமாக வாசி. ‘இரவில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது, ஏனெனில் நீரைவிட நிலம் விரைவில் குளிர்கிறது’ – பொருந்துகிறது. ‘இரவில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது, ஏனெனில் கடல்நீரில் உப்பு இருக்கிறது’ – இரண்டும் உண்மைதான், ஆனால் இதற்கு அது காரணம் ஆகாது. நீ தவறவிடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையாக இருக்கும். பழைய வினாத்தாள்களிலிருந்து பத்துக் கூற்று–காரணங்களை எடுத்து, ‘ஏனெனில்’ போட்டு முழு வாக்கியமாகக் கையால் எழுதிப் பார்.